மண்டையோட்டுப் பாட்டும் மருதாசலத்தின் கடையும்

நெய்வேலி மெயின் பஜாரில் செல்போன் சாமான் கடை வைத்திருந்த மருதாசலத்திற்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்ட பொருளை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட்டு, "கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொல்லி, அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். விற்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சோதிப்பவனுக்குப் பொருள் தெரியாது, முகந்தான் தெரியும் என்பது அவருடைய கொள்கை. அந்தச் சுவரில் மின்சாரப் பலகையும் ஒரு பல்லியும் தவிர வேறொன்றும் இல்லை. பல ஆண்டுகள் அவற்றையே பார்த்து நின்றதில், அந்தப் பல்லியின் குணநலன்களை அவர் தம் உறவினர்களின் குணநலன்களைவிட நன்றாக அறிந்திருந்தார்.

கடையின் பின்பாதியில் அவர் மனைவி பொன்னம்மாள் கால்மிதித் தையல் இயந்திரத்தில் ரவிக்கை தைப்பாள். முன்பாதியில் சார்ஜர், பேட்டரி, டார்ச் விளக்கு, இயர்போன் முதலியவை தொங்கும். ஆனால் கடையின் உண்மையான முதல் அதன் பெயர்தான். நெய்வேலியில் ஒரு கடையின் பெயர் ஷிப்ட் பேருந்தில் ஏறிச் சுரங்கத்திற்குப் போய், அங்கிருந்து குடியிருப்பின் எல்லா பிளாக்குகளுக்கும் இறங்கிவிடும். நல்ல பெயரானாலும் கெட்ட பெயரானாலும் பேருந்துக்கு ஒன்றுதான்.

பெயர் கெட்டுக் கடையை மூட நேர்ந்தால் மருதாசலத்திற்குப் போக்கிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சேத்தியாத்தோப்பில் மைத்துனர் சங்கரலிங்கம் நடத்திய உரக்கடை. சங்கரலிங்கம் ஒவ்வொரு மூட்டையையும் முதுகில் தட்டிக்கொடுத்து, பெற்ற பிள்ளையைப் புகழ்வதுபோலப் புகழ்ந்து விற்பவர். கடையில் நிற்கும் எவரும் கூடச் சேர்ந்து புகழவேண்டும் என்பது அங்கே சட்டம். யூரியா மூட்டையைத் தடவியபடி, "தங்கம், தங்கம்" என்று தாம் சொல்லிக்கொண்டிருப்பதாக மதியத் தூக்கத்தில் கனவு கண்டு, மருதாசலம் வியர்த்து விழித்ததுண்டு.

இப்படிப்பட்டவரின் கடைக்கு ஒருநாள் செங்குட்டுவன் வந்தான்.

செங்குட்டுவன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தான். கிலோமீட்டர் கணக்கில் ஓடும் அந்த பெல்ட்டில் எந்த உருளையின் பேரிங் நோய்ப்பட்டிருக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடிப்பது அவன் தொழில். நீண்ட திருப்புளியின் நுனியை இயந்திரத்தின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவான். "பேரிங் போச்சு" என்று அவன் சொன்னால் பெல்ட் நிற்கும். கழற்றிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். வீட்டிலும் மிக்சி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றிற்கும் அதே வைத்தியந்தான். ஒருமுறை, தூங்கிக்கொண்டிருந்த மாமனாரின் மார்பில் திருப்புளியை ஊன்றிவிட்டதாக ஒரு வதந்தியும் இருந்தது. அவன் அதை மறுத்ததில்லை.

அவனுக்கு ஒரே ஒரு கேளிக்கைதான் இருந்தது, ஹெவி மெட்டல் எனும் அதிரடி இசை. காக்கிச் சட்டைக்குள் மண்டையோடு அச்சிட்ட கறுப்புப் பனியன் அணிந்திருப்பான். மாலையில் குவார்ட்டர்சின் பின்கட்டில் பெரிய ஸ்பீக்கரை வைத்து, கடல்கடந்த ஏதோ ஒரு குளிர்நாட்டுக் குழுவின் பாட்டைப் போடுவான். தோட்டத்திற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த மயில்கள் அடுத்த பிளாக்கிற்குக் குடிபெயர்ந்தன. கடைசியில் மனைவி எழில்மதியும் பொறுமையிழந்தாள்.

"'அந்தப் பொட்டி வூட்டுல இருக்கணுமா, நான் இருக்கணுமா'ன்னு கேக்குறா அண்ணே. யோசிக்கிறேன்னு சொன்னேன். அதுக்கு வேற கோச்சிக்கினு குறிஞ்சிப்பாடிக்குப் பொறப்பட்டுட்டா" என்றான் செங்குட்டுவன், கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு கைகளையும் ஊன்றியபடி. "அதான், காதுக்குள்ள சொருவுற மாதிரி நல்ல இயர்போன் ஒண்ணு குடுங்க."

"என்ன பாட்டுக்குங்க தம்பி?"

அவன் செல்போனில் போட்டுக் காட்டினான். உள்ளே தைத்துக்கொண்டிருந்த பொன்னம்மாள் ஊசியை நிறுத்தி, "ஏனுங்க, ஷட்டர் விழுந்துருச்சா?" என்று கேட்டாள்.

"பாட்டுடி."

"யாரு அடிக்கிறாங்க?"

"யாரையும் அடிக்கலீங்கக்கா" என்று செங்குட்டுவன் பொறுமையாக விளக்கினான். "எங்க மைன்ஸ்ல கேக்குதே, அது வெறும் எரைச்சல். ஒருத்தன் ஓடுவான், ஒருத்தன் நிப்பான். இவனுவோ அதே எரைச்சலை ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கானுவோ. நாள் பூரா அங்க கேட்டுட்டு வந்து, சாயங்காலம் இதைக் கேட்டாத்தான் மண்டை நேராவுது."

அன்று தொடங்கியது தேர்வு. முதலில் அளவு பார்க்க வேண்டியிருந்தது. இயர்போனின் நுனியில் மாட்டும் ரப்பர் குல்லாயில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று உண்டு. காதை இறுக அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி தங்கும். இடைவெளி இருந்தால் ஒழுகிவிடும். பல ஆண்டுகள் திருப்புளிப் பிடியை அழுத்தி அழுத்திச் செங்குட்டுவனின் இடக்காது அகன்றிருந்தது. அதற்குப் பெரிய குல்லாயும் வலக்காதுக்குச் சிறிய குல்லாயும் பொருந்தின. மருதாசலம் தம் வாழ்நாளில் அப்படி ஒரு சோடியை யாருக்கும் மாட்டியதில்லை.

பிறகு சோதனை. "கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"இது வேணாம்ணே. வூட்டுக்குள்ள யானை பூந்த மாதிரி ஒரே 'தொம்மு தொம்மு'ன்னுது. கிட்டாரு யானைக்கு அடியில கெடக்குது."

இரண்டாவதைக் கொடுத்துத் திரும்பினார்.

"இதுல பாடுறவன் பல்லு தெரியுது. காதைக் கடிக்கிறான்."

மூன்றாவது.

"இதுல மோளக்காரன் ரெண்டு காலையும் ஒண்ணா கட்டிப் போட்ட மாதிரி இருக்குது. அவன் ரெண்டு காலால ரெண்டு மிதியை மாத்தி மாத்தி மிதிப்பாண்ணே. ஒவ்வொரு மிதியும் தனித்தனியா விழணும். அவசரத்துல கோத்த பூ மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு விழக்கூடாது."

வாரம் முழுவதும் இது நடந்தது. பல்லி முட்டையிட்டது. மருதாசலத்திற்குச் சலிப்பு வரவில்லை. மாறாக ஒரு வைராக்கியம் பிறந்தது. சென்னை ரிச்சி தெருவின் மொத்தக் கடைக்குச் சொல்லி, தம் கடை கண்டிராத உயர்ந்த வகை ஒன்றைச் சில எண்ணிக்கை வரவழைத்தார். அதைச் செங்குட்டுவன் காதில் செருகியபோது நீண்ட நேரம் எந்தச் சொல்லும் வரவில்லை. மருதாசலம் கொள்கையை மீறித் திரும்பவும் முடியாமல், திரும்பாமல் இருக்கவும் முடியாமல் பல்லியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே" என்று கடைசியில் ஒரு குரல் கேட்டது. "எல்லாரும் தனித்தனியா நின்னு அடிக்கிறானுவோ."

அவன் அதை வாங்கிக்கொண்டு போனான். எழில்மதியும் குறிஞ்சிப்பாடியிலிருந்து திரும்பி வந்தாள். கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மறுநாளே செங்குட்டுவன் முகம் வாடி வந்தான்.

"இதுல கிறீச்சின்னு ஒரு சத்தம் வருதுண்ணே. மெல்லிசா. பேரிங் போற சத்தம்."

"இதுக்குள்ள பேரிங்கே கிடையாதுங்களே தம்பி."

"எதுவோ போவுது."

வேறொன்று மாற்றிக் கொடுத்தார். அதிலும் கிறீச்சிட்டது. மூன்றாவதிலும் அதே. மூன்றாவதைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"என் பழைய ஸ்பீக்கர்ல இந்தச் சத்தம் இல்ல. செல்போன்ல போட்டா இல்ல. உங்க சாமான்ல மட்டும் இருக்குது. இது மொத்த சரக்கும் சீக்கு புடிச்ச சரக்கு. தெரிஞ்சே குடுத்துட்டு, எங்க மொகத்தைப் பாக்க முடியாமத்தான் செவுத்தைப் பாத்துக்கினு நிக்கிறீங்களா?"

எதையும் தாங்கியிருப்பார் மருதாசலம். இந்தக் கடைசிச் சொற்கள் மட்டும் அவருடைய முதுகில் பட்டன. அவர் சுவரை விட்டுத் திரும்பினார். "சார் தப்பா பேசுறீங்க" என்றார். அதுவரை தம்பியாக இருந்தவன் அந்தக் கணத்தில் சார் ஆனான்.

மறுநாள் முதல் ஷிப்ட் பேருந்தில் செங்குட்டுவன் சொன்னது நான்கே சொற்கள்: "மருதாசலம் கடை... பேரிங் போச்சு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் பேருந்து சிரித்திருக்கும். சொன்னவனோ பெல்ட்டை நிறுத்துகிறவன், ஒருமுறைகூடத் தவறாதவன். சொல் சுரங்கத்திற்குள் இறங்கி, மதியம் எல்லா பிளாக்குகளிலும் ஏறிவிட்டது. ஒரு பெண்மணி நல்லபடியாக எரிந்துகொண்டிருந்த டார்ச் விளக்கைத் திருப்பிக் கொண்டுவந்து, "உங்க கடை சாமானெல்லாம் உள்ளுக்குள்ள கத்துமாமே" என்றாள். சுவர்க்கடிகாரத்திற்கு பேட்டரி வாங்கிப்போன ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கடிகாரம் முன்னைவிடச் சத்தமாக ஓடுவதாகக் குறைப்பட்டார். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த பவுல்ராஜ், பல ஆண்டுப் பழக்கத்தையும் மறந்து, வாசலிலேயே நின்று கேட்டான்: "அண்ணே, உங்ககிட்ட ரீசார்ஜ் பண்ணா எதிர்ல பேசுறவங்க கொரல் கரகரன்னு வருமாமே, நெசமா?"

பிறகு கேட்பதற்கும் எவரும் வரவில்லை. ஒருநாள் பிற்பகல் சங்கரலிங்கத்திடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "மாமா, கேள்விப்பட்டேன். கவலைப்படாதீங்க. பொட்டாஷ் பக்கம் ஒரு ஆளு தேவைப்படுது. வந்து வாய் நிறைய நாலு வார்த்தை சொன்னாப் போதும்."

தொலைபேசியை வைத்துவிட்டு மருதாசலம் வெகுநேரம் பல்லியைப் பார்த்தார். பிறகு இத்தனை ஆண்டுகளில் செய்யாத ஒன்றைச் செய்தார். தம் கடைப் பொருளைத் தாமே காதில் வைத்துப் பார்த்தார்.

சோதனைக்காகச் செங்குட்டுவன் ஏற்றிவிட்டுப் போன மண்டையோட்டுப் பாட்டு கடைக் கணினியில் இருந்தது. திருப்பித் தரப்பட்ட இயர்போனைச் செருகிக்கொண்டு, பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்வதுபோலச் சாய்ந்து, அவர் பாட்டைத் தொடங்கினார். மலை சரிந்தது. பாத்திரக்கடை ஒன்று படிக்கட்டில் உருண்டது. அதன் நடுவே யாரோ ஒருவன் தொண்டைக்குள் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டு எதையோ முறையிட்டான். இவை எல்லாவற்றிற்கும் அடியில், மெல்லியதாக, ஆனால் ஐயமின்றி, 'கிறீச்... கிறீச்...'

செங்குட்டுவன் பொய் சொல்லவில்லை. பொருள் நோய்ப்பட்டதுதான். தாம் நோய்ப்பட்ட சரக்கைத்தான் விற்றிருக்கிறோம். மருதாசலம் இயர்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

கழற்றிய பிறகும் கேட்டது. 'கிறீச்... கிறீச்...'

"பொன்னம்மா!" என்று அலறினார். "சத்தம் என் காதுக்குள்ளயே தங்கிப்போச்சு!"

பொன்னம்மாள் திடுக்கிட்டுக் காலை நிறுத்தினாள். சத்தம் நின்றது.

"என்னாச்சுங்க?" என்று பதறியபடி, தைத்துக்கொண்டிருந்த கையை எடுக்காமல் மீண்டும் மிதித்தாள்.

'கிறீச்.'

"நிறுத்து."

நின்றது.

"மிதி."

'கிறீச்.'

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எண்ணெய் போடணும்னு போன மாசமே சொன்னனுங்களே" என்றாள் பொன்னம்மாள், குற்றம் தன்மேல் வந்துவிடுமோ என்று. மருதாசலம் அவள் காதில் இயர்போனைச் செருகினார். அவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு, மூக்கைச் சுளித்தபடி கேட்டாள். பிறகு சுளிப்பு மாறியது.

"ஏனுங்க, இது மிசின் இல்லீங்க, காலு. யாரோ வேகவேகமா மிதிக்கிறாங்க. மோளம் நிக்கிற எடத்துல இதுவும் நிக்குது பாருங்க. பாவம், மோளம் அடிக்கிற அந்தப் பையனும் எண்ணெய் போடல."

முதல் ஷிப்ட் முடிந்து வரும் பேருந்து பஜாரில் நிற்கும் நேரமாகியிருந்தது. மருதாசலம் செருப்பையும் மறந்து ஓடினார். பேருந்திலிருந்து இறங்கிய செங்குட்டுவன் முன்னால் போய் நின்று, "சார், கடைக்கு ஒரு நிமிஷம் வாங்க. திருப்புளியோட வாங்க" என்றார். கூடவே இறங்கிய பவுல்ராஜ், சண்டை நடக்கும் என்ற நம்பிக்கையில் பின்தொடர்ந்தான்.

கடையில் செங்குட்டுவனைத் தையல் இயந்திரத்தின் அருகே உட்காரவைத்தார்கள். வலக்காதில் இயர்போன், இடக்காதில் திருப்புளிப் பிடி, திருப்புளியின் நுனி தையல் இயந்திரத்தின் மிதிகட்டையில். பொன்னம்மாள் மிதித்தாள். பாட்டு ஓடியது. செங்குட்டுவன் கண்ணை மூடினான். அகன்ற இடக்காது முதலில் சிவந்தது. பிறகு வலக்காதும் சிவந்தது.

"மிதி" என்றான், கண்ணைத் திறக்காமலே. "மோளக்காரன் மிதி. எனக்குத் தெரியுமே அது ரெண்டு மிதின்னு! நானேதானே சொன்னேன். அதுக்கும் எண்ணெய் வேணும்னு எனக்குத் தோணலியே!"

"பழைய ஸ்பீக்கர்ல கேக்கலியேப்பா?" என்றான் பவுல்ராஜ்.

"அதுல யானைதானே கேக்கும். இது நல்ல சாமான், அதான் கேக்குது." அவனுக்குத் திடீரென்று ஆத்திரம் வந்தது. "ஏம்பா, ஒலகம் பூரா சுத்தி வாசிக்கிறானுவோ, ஒரு சொட்டு எண்ணெய் போட ஒருத்தனுக்கு வக்கில்லையா? எங்க செக்ஷன்ல இருந்தா மெமோ வாங்கியிருப்பான்!"

"அவனுக்கு மெமோ அப்புறம் குடுக்கலாம்" என்றான் பவுல்ராஜ். "இவரு கடைக்கு என்ன சொல்ற?"

செங்குட்டுவன் மருதாசலத்தை நிமிர்ந்து பார்த்தான். திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினான்.

மறுநாள் அதே பேருந்தில் அவன் எழுந்து நின்று, மருதாசலம் கடை நல்ல கடை, தவறு தன்னுடையது, கிறீச்சிட்டது கடல்கடந்த ஒருவனின் கால் என்று அறிவித்தான். பேருந்து அவனைப் பரிவோடு பார்த்தது. ஒரு கதை உண்டு: குளத்தில் முதலை இருப்பதாக ஒரு காகம் சொல்ல, மான்கள் எல்லாம் தண்ணீர் குடிப்பதை விட்டன. பிறகு அதே காகம் வந்து, "அது முதலையன்று, வெறும் மரக்கட்டை; நான்தான் தவறாகப் பார்த்துவிட்டேன்" என்று அழுதது. மான்கள் தங்களுக்குள், "முதலை இதற்கு எத்தனை மீன் கொடுத்ததோ!" என்று பேசிக்கொண்டன. பேருந்திலும் அதுவே நடந்தது. "ஓசியில ஒரு இயர்போன் கெடைச்சிருக்கும்" என்று பின்னிருக்கையில் ஒரு குரல் தீர்ப்பளித்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், சந்தைக்கு ஊரே வரும் நேரத்தில், செங்குட்டுவன் மண்டையோட்டுப் பனியனோடு மருதாசலத்தின் கடைவாசலில் நின்றான். தன் ஷிப்ட்டு ஆட்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துவந்தான். "நான் சொல்றதை நம்பாதீங்க. நீங்களே கேளுங்க" என்று இயர்போனை நீட்டினான். ஆனால் அவர்கள் காதில் செருகியதும், அவன் ஆவலைத் தாங்காமல் முகத்தருகே குனிந்து, "கேக்குதா? மோளத்தோடவே வருதா? இப்ப... இப்ப வரும் பாரு!" என்று கண்ணை உருட்டினான். கேட்டவர்கள் பாட்டை விட்டுவிட்டு அவன் கண்களையே பார்த்தார்கள்.

மருதாசலம் சிறிதுநேரம் இதைப் பொறுத்துப் பார்த்தார். பிறகு வந்து செங்குட்டுவனின் இரு தோள்களையும் பிடித்து, மெல்லத் திருப்பி, மின்சாரப் பலகைக்கு நேராகச் சுவரைப் பார்க்க நிறுத்தினார்.

"இங்கதான் நிக்கணும்" என்றார். "அந்தப் பல்லியைப் பாத்துக்கிட்டே இருங்க. ஒண்ணும் பண்ணாது."

செங்குட்டுவன் நின்றான். பெல்ட்டை நிறுத்துகிறவன், வகுப்பில் பேசி அகப்பட்ட பையனைப்போலச் சுவரைப் பார்த்து நிற்பதைக் காண முதலில் கூட்டம் கூடியது. கூடிய கூட்டம் இயர்போனுக்கு வரிசையில் நின்றது. காய்கறிப் பையோடு வந்தவர்கள், மீனோடு வந்தவர்கள், தேவாலயத்திலிருந்து நேராக வந்த பவுல்ராஜும் மனைவி மேரிசெல்வியும், அனைவரும் கேட்டார்கள். இரைச்சலைக் கேட்டு முகம் கோணியவர்கள் எல்லாரும் கிறீச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்கள். பிறந்தது முதல் இயந்திரங்களோடு வாழ்ந்த ஊர் அது.

"ஆமா, காய்ஞ்சு போச்சு."

"இடது மிதி மட்டுந்தான். வலது சுத்தமா இருக்குது."

"அச்சுல இருக்குற புஷ் தேய்ஞ்சிருக்கும்."

"புஷ்ஷா? ஸ்பிரிங்குய்யா! புஷ் இப்படியா அழுவும்?"

புஷ் கட்சி, ஸ்பிரிங் கட்சி என்று பஜார் இரண்டாகப் பிளந்தது. அந்தக் குளிர்நாட்டுக்கு ஒரு டப்பா கிரீஸ் பார்சல் அனுப்பவேண்டும் என்பதில் மட்டும் இரு கட்சிகளும் ஒன்றுபட்டன. தத்தம் கட்சியை நிலைநாட்டுவதற்கு வீட்டில் மீண்டும் கேட்டாகவேண்டும் என்று சொல்லி, சிலர் அந்த உயர்ந்தவகை இயர்போனையே வாங்கிப் போனார்கள். டார்ச் விளக்கைத் திருப்பித் தந்த பெண்மணி அதைத் திரும்பவும் கேட்டு வாங்கிக்கொண்டாள். முன்பு கத்தியது உண்மைதான், இப்போது கத்தவில்லை என்றாள்.

இவ்வளவும் செங்குட்டுவனின் முதுகுக்குப் பின்னால் நடந்தன. புஷ்ஷா, ஸ்பிரிங்கா என்ற வாதம் முற்றியபோது அவன் தோள்கள் துடித்தன. அவனுக்கு விடை தெரியும். ஆனாலும் அவன் திரும்பவில்லை. வெயில் சாயும்வரை அங்கேயே நின்றான்.

"போதுங்க. சாப்பிடாம நிக்கிறான்" என்றாள் பொன்னம்மாள்.

மருதாசலம் அருகே போனார். "திரும்புங்க தம்பி" என்றார்.

செங்குட்டுவன் திரும்பினான். கண்கள் கலங்கியிருந்தன. "மொகத்தைப் பாக்க முடியாம நிக்கிறீங்கன்னு சொன்னேனேண்ணே. அங்க நின்னு பாத்தாத்தான் தெரியுது, அது எவ்ளோ கஷ்டம்னு. கோடி தபா திரும்பலாம்னு தோணுது."

"பழகிரும்" என்றார் மருதாசலம். "பல்லி எப்படி?"

"நல்ல மாதிரிண்ணே."

அவன் பையிலிருந்து ஒரு கிரீஸ் டப்பாவையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்தான். முதலில் பொன்னம்மாளின் தையல் இயந்திரத்தின் அடியில் படுத்து மிதிகட்டைக்கு எண்ணெய் விட்டான். பிறகு முக்காலிமேல் ஏறி, தினமும் கடை சாத்தும்போது பஜாருக்கே கேட்கும்படி ஓலமிட்ட இரும்பு ஷட்டரின் இருபக்கத் தடத்திலும், அச்சிலும், கைவிட முடிந்த இடமெல்லாம் கிரீஸ் தடவினான். பனியனில் இருந்த மண்டையோட்டின் கண்குழி இரண்டும் கிரீஸால் அடைபட்டன. கடைசியில் திருப்புளியை ஷட்டரில் ஊன்றிக் காதில் வைத்துக் கேட்டு, திருப்தியோடு இறங்கினான்.

"இறக்குங்கண்ணே."

மருதாசலம் ஷட்டரை இழுத்தார். அது தண்ணீருக்குள் இறங்கும் மீனைப்போல ஓசையே இல்லாமல் இறங்கித் தரையைத் தொட்டது. மூவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள்.

எதிர்ப்பக்க டீக்கடைக்குள்ளிருந்து கடைக்காரர் சடையப்பன் தலையை நிமிர்த்தாமலே குரல்கொடுத்தார்: "என்ன மருது, இன்னிக்குக் கடை சாத்தலியா?"